ஒன்றரைப் பரப்பு நிழல்

1958ஆம் ஆண்டு சித்திரை மாதம் சண்டிலிப்பாயில், பஞ்சலிங்கத்தார் வளவில் கட்டித் தொங்கவிட்ட ஒன்றரை முழ அகலமான மரச் சிறகு ஒன்று, ஒன்றரைப் பரப்புக் காணிக்கு, அதாவது ஏக்கரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குக்கு, நிழல் விட்டது. அதே கிழமை சுன்னாகம் சந்தையில் வெங்காயம் மலிந்து, கொண்டுபோன வண்டிக் கூலிக்கும் போதாமல் போனது. இரண்டு செய்தியும் ஒன்றாகத்தான் ஊருக்குள் வந்தன. ஊர் வெங்காயத்துக்குத்தான் அதிகம் கவலைப்பட்டது.

பஞ்சலிங்கத்தார் கொழும்பில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவர். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபோது, நீ சிங்களம் படி என்று அவரிடம் ஒருவரும் வந்து கேட்கவில்லை. கேட்பார்கள், கேட்டால் மாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவேண்டும் என்று கொஞ்சக் காலம் கதிரையில் நிமிர்ந்து இருந்து பார்த்தார். சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர அரசாங்கம் எடுத்த நேரம் அவருடைய பொறுமைக்குள் அடங்கவில்லை. கேட்காதவனுக்கு மறுமொழி சொல்வதுபோல வேலையை விட்டு எறிந்துவிட்டு, மெயில் றெயின் ஏறி இரண்டு றங்குப் பெட்டிகளோடு சுன்னாகத்தில் இறங்கினார். ஒரு பெட்டியிலாவது உடுப்பு இருக்கும் என்று அவருடைய மனைவி பாலேஸ்வரி நினைத்தாள். இரண்டிலும் ஆகாயவிமானப் புத்தகங்கள் இருந்தன. உடுப்பு ஒரு சாக்குப் பையில் பின்னால் வந்தது.

பாலேஸ்வரிக்கு அவர்மேல் இருந்த மரியாதை அன்றே போய்விட்டதென்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே அதிகம் இருக்கவில்லை. அவள் சீதனமாகக் கிடைத்த காணியில் வெங்காயம் நட்டு, துலாவில் தண்ணி அள்ளி இறைத்து, கொழும்பிலிருந்து வரும் சம்பளத்தை நம்பாமலே வாழப் பழகியவள். பிள்ளைகள் இல்லை. இப்போது முப்பத்தெட்டு வயதில் ஒரு பிள்ளை வந்து சேர்ந்தது, அதுவும் வழுக்கை விழுந்த பிள்ளை என்று கிணற்றடியில் நின்று உரத்துச் சொன்னாள். வேலிக்கு அப்பால் அவளுடைய தமையன் தம்பிஐயா சிரித்தது கேட்டது. அவர் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. புருஷனை ஏசுவது அவளுடைய உரிமை. அதற்குப் பங்குக்காரர் கிடையாது.

பஞ்சலிங்கத்தார் வேலையில்லாமல் இருக்கவில்லை. மாட்டுக்கொட்டிலின் ஒரு பக்கத்தை மறித்து மேசை போட்டு, கவராயமும் சவர பிளேட்டும் விளாம்பிசினும் வைத்துக்கொண்டு விமானம் செய்யத் தொடங்கினார். எல்லாம் எழுபத்திரண்டில் ஒன்று என்ற அளவு. பால்மாத் தகரத்தில் தகடு, மருந்துப் போத்தல் கண்ணாடியில் சாளரம், சிகரெட் பெட்டி ஈயத்தாளில் வெள்ளிப் பூச்சு. கதவென்றால் திறக்கவேண்டும், சில்லென்றால் மடங்கி உள்ளே போகவேண்டும். ஒரு விசிறியின் வளைவு நெல்மணியளவு பிசகினாலும் முழுவதையும் அடுப்புக்குள் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். ஆனால் பறக்கிற விமானம் எதிலும் அவருக்கு நாட்டமில்லை. பெரிய பெரிய பட்டாளங்கள் காசைக் கொட்டிச் செய்து, பறக்கவிட்டுப் பார்த்து, வெட்கப்பட்டு மூடிவைத்த விமானங்களைத்தான் தேடிப்பிடித்துச் செய்தார்.

"பறக்கிறதை ஆரும் செய்வான். பறக்காததைப் பறக்கும் எண்டு நம்பி, அதுக்கு ஒவ்வொரு ஆணியும் அளந்து அடிச்சானே ஒருத்தன், அவன்ரை மூளையைத்தான் நான் பாக்கிறன்" என்று அவர் ஒருமுறை விளக்கம் சொன்னார்.

"பறக்காததுக்கு யாழ்ப்பாணத்திலை பஞ்சமே? நீங்கள் அமெரிக்காவிலையிருந்து வேறை எடுப்பிக்கிறியள்" என்றாள் பாலேஸ்வரி.

முதலில் செய்தது வாலில் குந்தி நிமிர்ந்து நிற்கும் ஒரு விமானம். அது நின்ற நிலையில் மேலே எழும்பும். இறங்கும்போது ஓட்டுபவன் தோளுக்கு மேலால் திரும்பிப் பின்னுக்குப் பார்த்துக்கொண்டே இறக்கவேண்டும். அமெரிக்கக் கடற்படை இதைக் கண்டுபிடித்து, பின்னுக்குப் பார்த்து இறங்கக்கூடிய ஆட்கள் போதாமல் கைவிட்டது. ஊர் அதற்கு மத்து என்று பெயர் வைத்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான அந்த மத்தின் நிழல், அமெரிக்காவில் நின்ற அசல் விமானத்தின் அளவில் விழுந்தது. வெயில் கிழக்கே நின்றாலென்ன, மேற்கே நின்றாலென்ன, நிழல் விழுந்த இடத்தை விட்டு அசையாது; பொழுது பட்டால் மறையும், விடிந்தால் அதே இடத்தில் கிடக்கும். குசினி வாசலில் அந்த நிழலுக்குள் வைத்த தயிர் கடையாமலே வெண்ணெய் திரண்டது. புருஷனின் செய்கையில் பாலேஸ்வரி ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். அடுத்தது ஒரு பக்கம் மட்டும் கன்னம் வீங்கினதுபோல் ஓட்டுபவனின் கூடு வைத்த ஜேர்மன் விமானம். அதன் நிழலுக்குள் படுத்து எழும்பிய ஆடுகள் ஒருக்களித்தே நடந்தன. சனம் வந்து பார்த்தது. வந்தவர்களில் ஒருவர் விமானம் கொஞ்சம் கறுத்துவிட்டது என்றார், ஒருவர் தன் மருமகன் சிங்கப்பூரில் இதைவிடத் திறமானது வாங்கினான் என்றார். நிழலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. குறை சொல்ல இடமில்லாததைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் அந்த ஊரின் பாராட்டு.

பிறகுதான் அந்தச் சிறகு வந்தது. உடம்பும் இல்லாமல் வாலும் இல்லாமல், வெறும் சிறகு மட்டுமேயான அமெரிக்கக் குண்டுவிமானம்; பின்புறம் நாலு சோடி விசிறிகள். செய்தவர்களே மனம் மாறி அதை வெட்டிப் பழைய இரும்பாக்கியிருந்தார்கள். பஞ்சலிங்கத்தார் பத்து மாதம் அதோடு மல்லுக்கட்டினார். அவ்வளவு நீளத்துக்கு முறியாமலும் கனக்காமலும் இருக்கக்கூடிய மரம் முள்முருக்குத்தான் என்று கண்டு, கிழக்கு வேலியில் தங்கள் பக்கம் சாய்ந்து நின்ற முள்முருக்குக் கதியால் ஒன்றை, வேலிக்கு ஊன்றித் தழைத்த தடியை, அரிந்தெடுத்தார். கிழக்கு வேலி தம்பிஐயாவின் வேலி. அதாவது வருஷாவருஷம் கதியால் போட்டு ஓலை வைத்து அடைக்கும் பாத்தியதை அவருக்கு. சாய்ந்த மரம் யாருடையது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் எத்தனை வேலி உண்டோ அத்தனை நியாயம் உண்டு.

இரண்டு பனைகளுக்கு நடுவே கம்பி இழுத்து, ஏணி வைத்து, அதைத் தொங்கவிட்டார். மத்தின் நிழல் நேர்கீழே விழுந்ததுபோல இதன் நிழல் விழவில்லை. வேலிக்கு மேலால் பாய்ந்து முழுவதும் தம்பிஐயாவின் காணிக்குள் போய் விழுந்தது. நிழலின் மேற்கு நுனி மட்டும் வேலிக் கதியாலின் அடியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஏன் அப்படி விழுந்தது என்பதற்குப் பஞ்சலிங்கத்தார் காற்றோட்டக் கணக்கு ஒன்று சொன்னார். ஊருக்கு அது தேவைப்படவில்லை. வேலிக் கதியாலில் செய்த பொருள் நிலத்தைப் பிடிக்காமல் வேறு எதைப் பிடிக்கும், அதுவும் உடையவன் பக்கம்தானே போகும் என்று ஊர் உடனே விளங்கிக்கொண்டது. ஒரு காலத்தில் ஊர்த் தலைமை பார்த்த பழைய விதானையார் ஆழ்வாப்பிள்ளை குடையோடு வந்து, நுனி கதியாலடியைத் தொடுவதைக் குனிந்து பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் தெற்கிலே கலவரத்தில் அடிபட்ட தமிழ்ச் சனம் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியது. ஊர் அதையும் கதைத்தது, கொஞ்சம் அழுதும் கொண்டது. பிறகு திரும்பவும் நிழலுக்கு வந்துவிட்டது.

தம்பிஐயா முதல் நாள் முழுக்கச் சிரித்தார். கூரை ஏறிக் கோழி பிடிக்கமாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுகிறான் என்று மச்சானைப் பற்றி மருதனார்மடம் சந்திவரைக்கும் போய்ச் சொன்னார். இரண்டாம் நாள் வெயிலுக்கு அந்த நிழலில் போய் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் சிரிப்பை நிறுத்திவிட்டு மண்ணைக் கொத்தினார். புகையிலைக் கன்றுக்கு இளம் பருவத்தில் வெயில் ஆகாது. எல்லாரும் நாற்றுமேடைக்கு ஓலை வெட்டிப் பந்தல் போட்டுப் பாடுபடும்போது, தம்பிஐயா பந்தலே இல்லாமல் ஒன்றரைப் பரப்புக்கு நாற்றுப் போட்டார். குண்டுவிமானத்தின் நிழல் குளிர்ந்த நிழல். கன்றுகள் எருமைக் காதுபோல இலை விட்டன. சுற்றுக் கிராமமெல்லாம் ஓலைக் கடகங்களோடு வந்து கன்று வாங்கியது. ஒரு கன்றைக்கூட மச்சான் வீட்டுக்கு அவர் சும்மா கொடுத்ததில்லை.

வருஷங்கள் போயின. பஞ்சலிங்கத்தார் அறுபத்திரண்டில் வட்டமான ஒரு விமானம் செய்தார். கனடாக்காரர் அமெரிக்கப் பட்டாளத்துக்காகச் செய்து, நிலத்திலிருந்து இடுப்பளவுக்கு மேல் எழும்பாமல் போன பொருள் அது. ஊர் அதைத் தோசை என்றது. அதன் நிழலும் நிலத்தில் படியாமல் இடுப்பளவு உயரத்தில் நின்றது. பூனைகள் அதன்மேல் படுத்துக்கொண்டன. வீடு விமானங்களால் நிறைந்தது. பாலேஸ்வரிக்கு அவற்றைத் தூசி தட்டவும் அனுமதியில்லை, தட்டவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. அவளுடைய கவலை வேறு. அது கிழக்கு வேலி.

யாழ்ப்பாணத்து வேலிகள் நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வேலி அடைப்புக்கு அடைப்பு, பழைய கதியால் உக்கிவிட்டது என்று புதுக் கதியால் போடும்போது, குழி ஒரு விரற்கிடை அடுத்தவன் பக்கம் தள்ளி விழும். கூடப்பிறந்தவள் என்றால் இரண்டு விரற்கிடை. தம்பிஐயாவின் வேலி அப்படித்தான் மேற்கே நடந்தது. இரண்டு காணிக்கும் நடுவே தாய்தகப்பன் காலத்தில் நட்ட எல்லைக்கல் ஒன்று இருந்தது. அது எப்போதோ காணாமல் போய், தம்பிஐயாவின் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லாக மறுபிறவி எடுத்திருந்தது. மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வராமல் நிறுத்தப்பட்ட எழுபதுகளில், யாழ்ப்பாணத்துச் செம்மண் பொன்னாகியது. விலை ஏற ஏற வேலியும் நடையை விட்டு ஓட்டம் பிடித்தது. ஒரு காலத்தில் வேலிக்கும் பாலேஸ்வரியின் கிணற்றுக்கும் நடுவே மாட்டை விட்டுக் கட்டலாம். எழுபத்துமூன்றில் துலாக்கொடியை இழுத்துக் குனிந்தால் வேலி ஓலை முதுகில் கீறியது.

அந்தக் கிணறுதான் அவளுக்கு எல்லாம். வேலி கிணற்றைத் தாண்டிவிட்டால் தண்ணியில்லை, தண்ணியில்லாவிட்டால் வெங்காயமில்லை, வெங்காயமில்லாவிட்டால் விமானம் செய்கிறவனுக்குச் சோறுமில்லை. பிள்ளைகுட்டி இல்லாதவளுக்குக் காணி என்னத்துக்கு, கடைசியில் என் பிள்ளைகளுக்குத்தானே வரப்போகிறது என்பது தம்பிஐயாவின் நியாயம். அதை அவர் கோயில் வீதியில் வைத்துச் சொல்லி, அவள் காதிலும் விழுந்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து சோறு காய்ச்சவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு எரிந்தது.

அளவுக்காரனைக் கூப்பிட்டால் அவன் தம்பிஐயா வீட்டில் இளநீர் குடித்துவிட்டு வேலியிலிருந்துதான் அளப்பான். வீட்டிலேயே ஒரு படவரைஞர் இருந்தார். வேலி எந்த வருஷம் எவ்வளவு நகர்ந்தது என்று நூலிழைக்குத் திருத்தமாக அவருக்குத் தெரியும். முதல் வருஷமே தெரிந்திருந்தது. ஆனால் வேலிச் சண்டையில் வாய் வைப்பது தன் தரத்துக்குக் குறைவு என்று அவர் பேசாமல் இருந்தார். ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் நடக்கும் எதிலும் அவருக்கு அக்கறையில்லை.

ஒரு நாள் காலை தண்ணி அள்ளும்போது ஓலை கிழிந்த ஒரு பொட்டுக்குள்ளால் பாலேஸ்வரி அந்தப்பக்கம் பார்த்தாள். வேலியை அடுத்து ஒரு நீள மிளகாய்ப் பாத்தி, பளிச்சென்று வெயிலில். அதற்கு அப்பால்தான் நிழலின் நுனி தொடங்கியது. அவள் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னம் அந்த நுனி கதியாலடியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. நிழல் அசையவில்லை. அசையும் குணமே அதற்கு இல்லை. அசைந்தது எது என்று சொல்ல இப்போது உலகத்தில் ஒரேயொரு அடையாளம் மிச்சமிருந்தது, அது அவளுடைய புருஷன் செய்த உதவாக்கரைப் பொருள். பல வருஷத்துக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தமையனை அவளுக்கு நன்றாகத் தெரியும். நேரே போய் வேலியைத் தள்ளிப் போடு என்று கேட்டால் பத்துச் சாட்சி வைத்து நிழல்தான் நகர்ந்தது என்று சொல்லுவார். ஆகவே அவள் கேட்கவில்லை. வேலியடியில் நின்று, தோட்டத்துக்குள் நிற்கும் தம்பிஐயாவுக்குக் கேட்கத்தக்கதாக, புருஷனிடம் உரத்துச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, உந்தச் சிறகைக் கழட்டி அடுப்புக்கை வையுங்கோ. விறகுக்கு அந்தரப்படுறன்."

பஞ்சலிங்கத்தார் திடுக்கிட்டுப் போனார். அவரைவிட அதிகமாக வேலிக்கு அப்பால் நின்றவர் திடுக்கிட்டார். அன்று மத்தியானமே தம்பிஐயா சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு வழக்குப் பேசும் பிரக்கிராசி சோமசேகரத்தின் கந்தோருக்குப் போய்விட்டார். எது இல்லாமல் போகப்போகிறதோ அது தன்னுடையது என்று அந்த மனிதருக்கு எப்போதும் தோன்றும்.

சோமசேகரம் வழக்கில்லாத நாளில் தன் நிழலோடேயே வாதாடிப் பழகியவர். அவருக்கு இது தேனாக இருந்தது. மரம் தம்பிஐயாவின் வேலி மரம். நிழல் விழுவது தம்பிஐயாவின் நிலம். பத்து வருஷத்துக்கு மேலாக ஒருவரும் மறுக்காமல் அவர் ஆண்டு அனுபவித்து வந்திருக்கிறார். காணிக்கு ஆட்சி உரிமை உண்டென்றால் நிழலுக்கும் உண்டு. ஆனால் ஒன்று, என்றார் பிரக்கிராசி. நிழல் இடைக்கிடை அங்குமிங்கும் போய்வந்தது என்று மற்றப்பக்கம் சொன்னால் ஆட்சி முறிந்துபோகும். ஆகவே விழுந்த நாள்தொட்டு இன்றுவரை நிழல் அசையவில்லை, அதன் மேற்கு நுனி வேலிக் கதியாலடியைத் தொட்டுக்கொண்டே கிடக்கிறது, அதைத் தாண்டி அவர்கள் பக்கம் ஒருநாளும் போகவில்லை என்று சத்தியம் பண்ணவேண்டும். தம்பிஐயா ஒரு சத்தியத்துக்கு இரண்டு சத்தியம் பண்ணத் தயாராக இருந்தார். மிளகாய்ப் பாத்தி அவருடைய நினைவுக்கே வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததைக் களவென்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

வழக்கு இரண்டு வருஷம் இழுபட்டது. விசாரணை நாளில் ஊர் வெற்றிலையும் சோற்றுப் பொட்டலமும் கட்டிக்கொண்டு போய்க் கோட்டு மண்டபத்து வாங்குப் பலகைகளை நிறைத்தது. தம்பிஐயா கூண்டில் ஏறி எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னார். ஆழ்வாப்பிள்ளை ஏறி, ஐம்பத்தெட்டில் தான் குனிந்து பார்த்தபோது நுனி கதியாலைத் தொட்டது, தன் கண்ணாலே கண்டது என்று சொன்னார். பஞ்சலிங்கத்தார் ஏறி, விமானத்தின் அளவுகளைச் சொல்லத் தொடங்கியவர் நிறுத்தாமல் போனதால் இறக்கிவிடப்பட்டார். கடைசியில் பாலேஸ்வரி ஏறினாள்.

"ஓம் ஐயா, அண்ணை சொன்னது முழுக்கச் சரி. விழுந்த நாளிலை கதியாலடியைத் தொட்டுக்கொண்டுதான் கிடந்தது. இண்டைவரைக்கும் ஒரு நூல் அசையேல்லை. நிழல் அண்ணையின்ரைதான். எழுதிக் குடுங்கோ."

பஞ்சலிங்கத்தாருக்கு முகம் கறுத்துப்போனது. தம்பிஐயா முதலில் சந்தோஷப்பட்டு, பிறகு தங்கச்சியின் முகத்தைப் பார்த்து, ஏதோ ஒரு சுள்ளெறும்பு வேட்டிக்குள் புகுந்தவர்போல நெளிந்தார். ஆனால் வெல்லுகிற வழக்கை நிறுத்துகிற யாழ்ப்பாணத்தான் இன்னும் பிறக்கவில்லை. விமானம் பஞ்சலிங்கத்தாருக்கு, நிழல் தம்பிஐயாவுக்கு, நிழலுக்குப் பங்கம் வரும்படி விமானத்தை இறக்கக்கூடாது என்று தீர்ப்பானது. எல்லை: மேற்கே வேலி, நுனி வேலியைத் தொட்டபடி.

நிழலை உடையவருக்கு அளந்து கொடுக்கக் கோட்டிலிருந்து ஒரு உத்தியோகத்தர் முளைக்கட்டைகளோடு வந்தார். சனமும் வந்தது. அவர் மூன்று பக்கமும் முளை அடித்தார். மேற்குப் பக்கம் வந்தபோது நுனியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். நடுவே வண்டி போகக்கூடிய அகலத்துக்கு மிளகாய் காய்த்துக் குலுங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: இதில் எது நகர்ந்தது? நிழல் நகர்ந்திருந்தால் ஆட்சி முறிந்தது, நிழல் தம்பிஐயாவுக்கு இல்லை. நிழல் நகரவில்லையென்றால் வேலி நகர்ந்திருக்கிறது.

தம்பிஐயா பிரக்கிராசியைப் பார்த்தார். பிரக்கிராசி தன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆழ்வாப்பிள்ளை குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டார். நிழலை விட்டால் நாற்றும் போய், வென்ற வழக்கும் போய், பொய்ச் சத்தியம் என்ற பெயரும் மிஞ்சும். வேலியை விட்டால் பதினேழு வருஷப் பாடு ஒரே நாளில் போகும். இரண்டையும் வைத்திருக்க ஒரு வழி இருக்கவேண்டும் என்று நம்பி அந்த மனிதர் வெயிலில் நின்று வியர்த்தார். ஒரு வழியும் இருக்கவில்லை.

"வேலிதான்" என்றார் கடைசியில், வாய்க்குள்.

"ஆருக்கும் கேக்கேல்லை அண்ணை" என்றாள் பாலேஸ்வரி, கிணற்றுக்கட்டில் ஏறி நின்று.

வேலி பிடுங்கி நுனியோடு சேர்த்துப் போடப்பட்டது. மிளகாய்ப் பாத்தி காயோடு பாலேஸ்வரிக்கு வந்தது; அவள் அதைப் பிடுங்கி எறியாமல் பறித்துக் காயவைத்து, தமையன் வீட்டுக்குத் தும்மல் போகிற பக்கமாகப் பார்த்து இடித்தாள். கிணற்றைச் சுற்றி மாடு கட்டலாம்போல இடம் வந்தது. அன்று பின்னேரம் பஞ்சலிங்கத்தார் சாப்பிடமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

"உன்ரை வேலிக்கு என்ரை விமானமோ சாட்சி?" என்று கேட்டார்.

"வேலிக்கு ஓணான் சாட்சி எண்டுவினம். எனக்கு ஓணானும் கிடைக்கேல்லை, நீங்கள்தான் கிடைச்சியள்" என்றாள் பாலேஸ்வரி. சொல்லிவிட்டு அவருக்குப் பிடித்த மரக்கறியை இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். அவர் சாப்பிட்டார்.

அதன்பிறகு தம்பிஐயா வீட்டோடு கதைபேச்சு அற்றுப்போனது. நன்மை தின்மைக்கும் போக்குவரத்தில்லை. எழுபத்தொன்பதில் பஞ்சலிங்கத்தார் கொட்டிலில் மேசைமேல் தலையை வைத்தபடி செத்துப்போனார். கையில் முன்னோக்கி வளைந்த ஒரு சிறகு, அரைவாசி செதுக்கியது. செத்த வீட்டுக்குத் தம்பிஐயா வாசல் படலைவரைக்கும் வந்து, உள்ளே வராமல் நின்றுவிட்டுப் போனார். பாலேஸ்வரி வாய்விட்டு அழுதாள். இருபத்துமூன்று வருஷம் ஒரு வேலைக்கும் உதவாதவர் என்று தான் ஏசிய ஆளுக்காக இப்படி அழுகை வருவது அவளுக்கே ஆத்திரமாக இருந்தது. அந்த அரைச் சிறகை மட்டும் ஒருவரும் தொட விடாமல் அவரோடேயே அனுப்பினாள்.

யாழ்ப்பாண நூலகம் எரிந்த வருஷத்து மாரி மழையில், பனைகளுக்கு நடுவே தொங்கிய சிறகு உக்கி, கம்பியை விட்டுக் கழன்று விழுந்தது. கறையான் மிச்சத்தைத் தின்றது. நிழல் போகவில்லை. விமானம் இல்லாமல் நிழல் மட்டும் கிடப்பதைக் கண்டு ஊர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, கோட்டுத் தீர்ப்பை ஒருவரும் மாற்றவில்லைத்தானே, பிறகு எப்படிப் போகும் என்று விட்டுவிட்டது. தம்பிஐயா வழக்கம்போல நாற்றுப் போட்டார்.

அடுத்த வருஷம், பங்குனி மாதத்து ஒரு பகல், பலாலிப் பக்கமிருந்து ஒரு ஹெலிகொப்டர் தோட்டங்களுக்கு மேலால் பதிந்து வந்தது. அந்த நாட்களில் ஊருக்குள் ஆமி ஜீப் வந்தாலே பொடியள் பின்வேலியால் போய்விடுவார்கள். இது மேலேயிருந்து வந்தது. எந்த வேலியால் போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தோட்டத்தில் நின்ற சனம், ஒழுங்கையில் நின்ற சனம் எல்லாம் ஓடிப்போய்த் தம்பிஐயாவின் நிழலுக்குள் குந்தியது. பாலேஸ்வரி வெங்காயப் பாத்தியில் தனியே நின்றாள். அறுபத்துநாலு வயதில் ஓடுவது அவளுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

"பாலேசு! எடி பாலேசு, இஞ்சாலை வா! இதுக்குள்ளை வா!"

வேலிக்கு அப்பால் தம்பிஐயா கையைக் காட்டிக் கத்தினார். பல்லில்லாத வாய். கத்தியவருக்கு உண்மையாகவே பயம், தனக்காக இல்லை. அது அவளுக்கு விளங்கியது, விளங்கியதால்தான் போனாள். வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து அந்தப்பக்கம் போய், இருபத்துநாலு வருஷத்தில் முதன்முறையாகத் தன் புருஷனின் நிழலுக்குள் நின்றாள். குளிர்ச்சியாக இருந்தது. அவர் இதற்குள் ஒருநாளும் வந்து நின்றதில்லை, வந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

ஹெலிகொப்டர் நேர்மேலே வந்து வட்டமடித்தது. மேலே இருந்தவர்கள் செம்மண்ணில் கிடந்த அந்த மாபெரும் குண்டுவிமானத்தின் நிழலைக் கண்டிருக்கவேண்டும். கண்டவுடன், அவ்வளவு பெரிய ஒன்று தங்கள் தலைக்கு மேலே பறக்கிறதென்றுதான் நினைத்திருக்கவேண்டும். அது ஒருமுறை குலுங்கியது. மூக்கைத் திருப்பிக்கொண்டு, வந்த வேகத்தைவிட இரட்டிப்பு வேகத்தில் பலாலிப் பக்கம் போனது. பறக்காத ஒன்றைக் கண்டு பறந்தது ஓடிவிட்டது என்று யாரோ சொல்ல, சனம் சிரித்தது. பாலேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. பார்க்கவேண்டிய மனிதர் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள் வேலியடியைப் பார்த்தாள். நிழலின் நுனிக்கும் கதியாலுக்கும் நடுவே ஒரு விரற்கிடை வெயில் தெரிந்தது. இந்த வருஷ அடைப்பு.

"அண்ணை, கதியாலை எடுத்து உள்ளுக்குப் போடுங்கோ" என்றாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவரோடு கதைத்த முதல் கதை.

"ஓம், நாளைக்குப் போடுறன்."

"இப்ப."

தம்பிஐயா கதியாலைக் கிளப்ப அலவாங்கு எடுக்கப் போனார். வெளியே வெயில் கொளுத்தியதால், சனம் இன்னும் கொஞ்ச நேரம் நிழலிலேயே நின்றது.